ஆயா கடையைக் கட்டும் நேரம்

நியூ ஜெர்சியில் இருக்கும் நம் ஆட்களுக்கு நுவார்க் என்றால் ஏர்போர்ட். மாமியார் வந்து இறங்குகிற இடம். அவருடைய ஊறுகாய் ஜாடியை கஸ்டம்ஸ்காரர் திருப்பித் திருப்பிப் பார்க்கிற இடம். இருபத்தைந்து வருஷத்தில் நூறு தடவையாவது போய் வந்திருப்பேன். அந்தப் பேரில் மூன்று லட்சம் பேர் வாழ்கிற ஓர் ஊர் இருப்பது தெரியும். ஆனால் அங்கே கால் வைத்ததில்லை. நியூயார்க் போகும் ரயில் நுவார்க் பென் ஸ்டேஷனில் நிற்கும், கதவு திறக்கும், மூடும். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த பழக்கம்.

இந்த ஜனவரியில் என் மூத்தவளுக்கு அந்த ஊரிலிருந்து கடிதம் வந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நியூ ஜெர்சி மெடிக்கல் ஸ்கூல், சவுத் ஆரஞ்சு அவென்யூ, நுவார்க். இந்த நாட்டில் பன்னிரண்டாவது முடித்த கையோடு டாக்டருக்குப் படிக்கப் போக முடியாது. முதலில் நான்கு வருஷம் ஒரு பட்டம், நடுவில் எம்கேட் என்று ஏழரை மணி நேரப் பரீட்சை, அப்புறம் மூட்டை மூட்டையாகக் கட்டுரைகள், கடைசியில் நேர்முகம். பதினெட்டு இடத்துக்கு விண்ணப்பித்தாள். பாதிப்பேர் இல்லை என்றார்கள், மீதியில் பலர் அதைக்கூடச் சொல்லவில்லை. அதனால் கடிதம் வந்த அன்று கேசரி கிண்டினேனே தவிர, எந்த ஊர், எந்தத் தெரு என்று யோசிக்கவில்லை.

பயம் மார்ச்சில் வந்தது, இரண்டாவது கடிதத்தோடு. அதுவும் ரட்கர்ஸ்தான். ராபர்ட் வுட் ஜான்சன் மெடிக்கல் ஸ்கூல், பிஸ்கட்டவே. எடிசனில் எங்கள் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிஷம். ஒரே ஒரு இடம் கையில் இருந்தவரை அது வரமாக இருந்தது. இரண்டாவது வந்ததும் முதலாவது ஆபத்தாகிவிட்டது.

இரண்டும் அரசுப் பல்கலைக்கழகத்தின் பள்ளிகள், கட்டணத்திலும் பெரிய வித்தியாசமில்லை. போதாததற்கு, இரண்டையும் ஒரே மருத்துவப் பள்ளியாக இணைப்பது என்று ரட்கர்ஸ் 2024இல் முடிவு செய்துவிட்டது. பேர் ஒன்றாகும், வளாகங்கள் இரண்டும் அப்படியே இருக்கும். ஆக, தேர்ந்தெடுக்க வேண்டியது பள்ளியை இல்லை, தெருவை. ஏப்ரல் 30க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும்.

என் தொழில் மென்பொருள் சோதனை. இருபது வருஷமாக, எது எங்கே எப்போது உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியோடு நுவார்க்கைத் தேட உட்கார்ந்தேன். சாப்பிட்ட பாத்திரம் தொட்டியில் கிடக்கும், நான் குற்ற வரைபடத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கம்பக்கத்துக் குற்றச் செய்திகளை உடனுக்குடன் அனுப்பும் செயலி ஒன்றையும் போனில் போட்டுவைத்தேன். ராத்திரி பதினொன்றுக்கு டிங். ஒன்றே காலுக்கு டிங். ஒரு நாள் நடுராத்திரியில் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, “அவ இன்னும் மாடியிலதான் தூங்கறா” என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார்.

நேர்மையாகச் சொன்னால் எண்கள் எனக்குச் சாதகமாக இல்லை. நுவார்க்கில் 2013ஆம் வருஷம் நூற்றுக்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. 2024இல் 37. அதற்கு முந்தைய அறுபது வருஷங்களில் இவ்வளவு குறைந்ததில்லை. இந்த எண்ணை மகள் சொன்னபோது, “அந்த முப்பத்தேழு பேருக்கும் அம்மா இருந்திருப்பா இல்ல?” என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. வாதத்தில் ஜெயித்த மாதிரி இருந்தது. அரை மணி கழித்துத்தான் உறைத்தது: அந்த அம்மாக்களில் ஒருவர்கூட நான் மனசில் நினைத்த மாதிரி எடிசனிலிருந்து பிள்ளையைப் படிக்க அனுப்பியவர்கள் இல்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே பெற்று, அங்கேயே புதைத்தவர்கள். அவர்களுடைய துக்கத்தை எடுத்து என் கட்சிக்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் எதற்கும் முடிவு சொல்ல மாட்டார், எக்செல் போடுவார். பன்னிரண்டு வரிசை, ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என்று. வாடகை, தூரம், ஆராய்ச்சி வாய்ப்பு, பாதுகாப்பு. பாதுகாப்புக்கு 10க்கு 30 கொடுக்கச் சொன்னேன். கணக்கில் அதற்கு இடமில்லை என்றார். அப்படியானால் கணக்கு தப்பு என்றேன்.

உறவில் டாக்டர்களுக்குக் குறைவில்லை. எல்லோரிடமும் கேட்டாயிற்று. ஆச்சரியம் என்னவென்றால் அவர்களில் பெரும்பாலோர் நுவார்க் பக்கம்தான் பேசினார்கள், அதுவும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில்: “எக்ஸ்போஷர் பிரமாதமா இருக்கும் அண்ணி. துப்பாக்கிக் காயம், கத்திக்குத்து, முத்திப்போன சர்க்கரை, எல்லாம் பார்க்கலாம். அமைதியான ஊர்ல இதெல்லாம் எங்க கிடைக்கும்?” அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் அந்தக் “கிடைக்கும்” என்ற சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. திருட்டும் சுடுதலும் கிளப்பிய பயத்தைவிட இந்தப் பாராட்டு எனக்கு அதிகமாக எரிந்தது. ஏன் எரிகிறது என்று அப்போது தெரியவில்லை.

மகள்தான் இழுத்து வெளியே போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று கேட்டாள்.

“அம்மா, நீ எந்த ஏரியா?”

“மெட்ராஸ்.”

“மெட்ராஸ்ல?”

“வண்ணாரப்பேட்டை.”

“அப்பா வீட்ல அப்படித்தான் சொன்னீங்களா?”

இவள் சின்ன வயசில் என் தங்கை இவளிடம் சொல்லியிருக்கிறாள், கடன்காரி. என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் பெரியப்பா, திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களிடம், வீடு “பாரீஸ் பக்கம்” என்றுதான் சொல்லியிருந்தார். பாரிமுனைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்தப் “பக்கம்” என்ற சொல் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது. வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று சொன்னால் மயிலாப்பூர்க்காரர்களே முகம் சுளித்த காலம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் சென்ட்ரலில் ஆட்டோக்காரரிடம் எங்கள் ஏரியா பேரைச் சொன்னால் மீட்டருக்கு மேல் கேட்பார், இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். சினிமாவில் ரவுடி வந்தால் எங்கள் பாஷைதான் பேசுவான். நாங்களோ அங்கே பாவாடை சட்டையில் பாண்டி ஆடிக்கொண்டு, மகாராணி தியேட்டரில் மேட்னி பார்த்துக்கொண்டு, எம்.சி. ரோட்டில் தீபாவளித் துணி எடுத்துக்கொண்டு இருந்தோம்.

அடிதடி இல்லாமல் இல்லை. கத்தியோடு ஓடியவனை நானே பார்த்திருக்கிறேன், எட்டாவது படிக்கும்போது. அதனால் எங்கள் அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. தெருமுனையில் இட்லிக்கடை போட்ட ஆயா எப்போது கடையைக் கட்டுகிறாளோ, அதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். கடிகாரம் பேச்சே கிடையாது. தெருவில் வம்பு வரும் என்று தெரிந்தால் ஆயா ஏழரைக்கே அடுப்பை அணைத்துவிடுவாள். திருவிழா என்றால் பதினொன்று வரை ஆவி பறக்கும். டியூஷன் முடிந்து வரும்போது தூரத்திலிருந்தே ஆயாவின் அரிக்கேன் விளக்கைத்தான் பார்ப்போம். எரிந்தால் தைரியமாக நடக்கலாம், எரியாவிட்டால் ஓட வேண்டும். தெருவைப் பற்றி அந்தத் தெருவில் உட்கார்ந்து பிழைக்கிறவளுக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

தோசை கருகியதுதான் மிச்சம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி அப்பாவின் கை ஞாபகம் வந்து தூக்கம் போய்விட்டது.

அப்பா தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டினார். 1984இல், எனக்குப் பன்னிரண்டு வயசு, வலது கை உள்ளே போய்விட்டது. ஆட்கள் அவரை ரிக்‌ஷாவில் போட்டு ஸ்டான்லிக்குக் கொண்டு போனார்கள். எங்கள் பாட்டி கடைசிவரை ஸ்டான்லி என்று சொன்னதில்லை, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. கைக்காயத்துக்கென்று அங்கே தனிப் பிரிவே இருந்தது, நாடு முழுக்கப் பேர் வாங்கிய பிரிவு. பேர் எப்படி வந்தது? சுற்றிலும் துறைமுகம், பட்டறை, தொழிற்சாலை. தினமும் யாராவது ஒருவர் துணியில் சுற்றிய கையோடு வருவார். எங்கள் ஆட்களின் விரல்களை வைத்து வளர்ந்த திறமை அது. டாக்டர்கள் பாஷையில் சொன்னால், எக்ஸ்போஷர்.

முள் எங்கே குத்தியது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் இன்னொன்றும் கூடவே ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு இரண்டு விரல் போயிற்று, மூன்று தங்கியது. கட்டு மாற்ற வந்தது ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசு இருக்கும். பேச்சை வைத்துப் பார்த்தால் நாகர்கோயில் பக்கம். அப்பா நொந்துபோய், “இனிமே இன்னா மா வேல செய்வேன்” என்று கேட்டபோது, அந்தப் பெண் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. மேசையிலிருந்த பேனாவை எடுத்து மிச்ச மூன்று விரலுக்குள் வைத்து, “எழுதுங்க பாப்போம்” என்றாள். அப்பா கோணல் மாணலாகத் தன் பேரை எழுதினார். பிறகு அதே பட்டறையில் ஸ்டோர் கணக்கு எழுதித்தான் எங்களைப் படிக்க வைத்தார். சாகும்வரை “அந்த நாகர்கோயில் டாக்டரம்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது.

நாகர்கோயிலிலிருந்து பெண்ணை வண்ணாரப்பேட்டைக்குப் படிக்க அனுப்பும்போது அவளுடைய அம்மா என்ன பாடுபட்டிருப்பாள் என்று எனக்கு நாற்பது வருஷமாகத் தோன்றியதே இல்லை.

இதை எழுதும்போது ஏதோ ஒரே ராத்திரியில் மனசு மாறிவிட்ட மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. மறுநாள் காலையிலும் செயலியைப் பார்த்தேன். அதோடு இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் பயத்தில் தோல் நிறமும் கலந்திருந்தது. எடிசனில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி, தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டப்பகலில் வீட்டை உடைத்து நகையை எடுத்துப் போனார்கள். இந்தியர் வீடு என்றால் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வருகிற கும்பல்கள் உண்டு. அதற்காக யாராவது எடிசனைக் குற்றம் மலிந்த ஊர் என்று சொன்னோமா? கேமரா வாங்கி மாட்டிவிட்டு, நகையை லாக்கரில் வைத்துவிட்டு, வழக்கம்போல் பொங்கல் வைத்தோம். அதே காரியம் நுவார்க்கில் நடந்தால் அது அந்த ஊரின் குணம். நம் ஊரில் நடந்தால் அது ஒரு சம்பவம்.

நுவார்க்கைப் பற்றி நான் கொலைக்கணக்கு படித்துக்கொண்டிருந்த நாட்களில் மகள் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மருத்துவப் பள்ளிக்கும் அந்தத் தெருக்களுக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. 1960களில் ஜெர்சி சிட்டியிலிருந்த மருத்துவக் கல்லூரியை நுவார்க்குக்குக் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். ஊர் நடுவே சென்ட்ரல் வார்டு என்ற பகுதியில் 150 ஏக்கர் அளவுக்கு நிலம் வேண்டும் என்றார்கள். காலி நிலம் இல்லை அது, பெரும்பாலும் கறுப்பின மக்கள் குடியிருந்த வீடுகள். இருபதாயிரம் பேர் வரை வெளியேற வேண்டிவரும் என்று பேச்சு. லூயிஸ் எப்பர்சன் என்ற பெண்மணி, அவர் வீடும் அந்த எல்லைக்குள்தான், அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நின்றார். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசிப் பார்த்தும் பலனில்லை. 1967 ஜூலை 12ஆம் தேதி ராத்திரி, ஜான் ஸ்மித் என்ற கறுப்பின டாக்சி டிரைவரைப் போலீஸ் பிடித்து அடித்தது. ஆள் செத்துவிட்டார் என்று வதந்தி பரவ, ஊர் பற்றிக்கொண்டது. அடங்கும்போது 26 பேர் உயிரோடு இல்லை. டாக்சி டிரைவர் அடிபட்டது பொறி. வெடிமருந்து ஏற்கெனவே கெட்டித்து வைக்கப்பட்டிருந்தது, அதில் இந்த மருத்துவக் கல்லூரி நிலமும் ஒன்று.

அப்புறம்தான் அரசாங்கம் இறங்கி வந்தது. 1968இல் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. நிலம் அறுபது ஏக்கருக்குள் சுருங்கியது. கட்டட வேலையில் உள்ளூர் ஆட்களுக்குப் பங்கு, அக்கம்பக்கத்தாருக்கு வைத்தியம், இடம் பெயர்கிறவர்களுக்கு வீடு என்று எழுதி வாங்கினார்கள். எழுதியதெல்லாம் நடந்ததா என்று கேட்டால் நுவார்க்கில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். எதிர்த்து நின்ற லூயிஸ் எப்பர்சன் பிற்பாடு அதே நிறுவனத்தில், நோயாளிகளின் குறைகளைக் கேட்டுத் தீர்த்துவைக்கிற வேலையில் சேர்ந்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

“அம்மா, ஆபத்தான ஏரியாவுல ஸ்கூல் கட்டியிருக்காங்கன்னு நீ நினைக்கிற. அந்த ஏரியாக்காரங்க கண்ணுக்கு அந்த ஸ்கூல்தான் ஆபத்தா வந்துச்சு” என்றாள். இருபத்துமூன்று வயசு, பேச்சுக்குக் குறைச்சல் இல்லை.

சரி, நேரில் பார்க்கலாம் என்று கிளம்பினோம். முதல் தடவை ஏப்ரல் நடுவில், ஒரு சனிக்கிழமை. பிராஞ்ச் புரூக் பூங்காவில் செர்ரி பூத்திருந்தது. நுவார்க்கில் ஐயாயிரத்துக்கும் மேல் செர்ரி மரங்கள் இருக்கின்றன, வாஷிங்டனில் இருப்பதைவிட அதிகம். நாங்கள் இரண்டு தடவை நான்கு மணி நேரம் கார் ஓட்டி வாஷிங்டன் போய்ப் பூப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்! அரை மணி ரயில் தூரத்தில் இத்தனை பூவா என்று வீட்டுக்காரர் புலம்பிக்கொண்டே படம் எடுத்தார். ஃபெர்ரி ஸ்ட்ரீட்டில் போர்ச்சுகீசியர் கடையில் காபி குடித்தோம். காபி நன்றாகவே இருந்தது. பள்ளியில் மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி சுற்றிக்காட்டினாள். அவளைத் தனியாகப் பிடித்து நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவள் பூசி மெழுகவில்லை. காருக்குள் ஒரு பை, ஒரு சார்ஜர் வயர்கூடக் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது, அவளுடைய கார்க் கண்ணாடி ஒரு தடவை உடைந்திருக்கிறது. இருட்டிய பிறகு காதில் ஏதும் மாட்டிக்கொண்டு நடக்கக் கூடாது. பென் ஸ்டேஷனுக்குப் பல்கலைக்கழக ஷட்டில் உண்டு, வளாகத்துக்கென்று தனிப் போலீஸ் உண்டு, கூப்பிட்டால் கூட நடந்து வருவார்கள், கூச்சப்படாமல் கூப்பிட வேண்டும். “பயம் போயிடுச்சா?” என்றேன். “குறையல ஆன்ட்டி, ஆனா எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சிடுச்சு” என்றாள். அவள் குஜராத்திப் பெண், ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் என் காதில் எங்கள் அம்மா குரலில் விழுந்தது.

பகலில் எந்தத் தெருவும் நல்ல தெருதான். அதனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடித்து மறுபடி போனேன், வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு. மகளிடம் சொல்லவில்லை. ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, ஃபிளாஸ்கில் டீயோடு உட்கார்ந்தோம். துப்பறியும் சிங்கங்கள் என்றார் அவர். நான் செய்தது ஒன்றே ஒன்று: தனியாக நடக்கிற பெண்களை எண்ணினேன். ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறியது. நர்ஸ் உடுப்பில் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், பஸ் ஸ்டாப்புக்கு, கார் நிறுத்துகிற கட்டடத்துக்கு. ஒருத்தி போனில் யாரையோ திட்டிக்கொண்டே போனாள். முப்பத்தெட்டு வரை எண்ணினேன். எட்டு மணிக்குக் கூட்டம் வடிந்தது. எட்டரைக்கு மேல் இரண்டு இரண்டு பேராகத்தான் வந்தார்கள். எதிரே இருந்த கோழிக்கடையில் ஒன்பதேகாலுக்குக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மட்டும் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு வந்தது, பின்னாலேயே இரண்டு போலீஸ் கார். என்ன, ஏது என்று தெரியாது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்காரர் காரைக் கிளப்பினார்.

ஷிஃப்ட் மாறுகிற ஏழிலிருந்து எட்டு வரை தெரு பெண்களுடையது. கோழிக்கடைக் கதவு சாத்துகிற நேரம்தான் அந்தத் தெருவின் ஆயா. அன்று எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அங்கே போகலாமா கூடாதா என்ற கேள்வி, எத்தனை மணிக்கு எந்த வழியாக என்று மாறியது. இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தேடத் தெரியும்.

பிஸ்கட்டவே பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டிலிருந்தே போனால் நான்கு வருஷ வாடகை மிச்சம், கடன் குறையும், ராத்திரிக்கு ரசம் சாதம் நிச்சயம். நுவார்க் மாதிரியே, பிஸ்கட்டவே மாணவர்கள் பயிற்சிக்குப் போகிற நியூ பிரன்ஸ்விக் ஆஸ்பத்திரியிலும் முதல் நிலை விபத்துச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கேயும் ஏழைகள் இருக்கிறார்கள். நோயாளி எங்கேயும் நோயாளிதான். இதையெல்லாம் மகளிடம் அடுக்கிவிட்டு, “அப்புறம் ஏன்தான் நுவார்க்?” என்று கேட்டேன். மாணவர்களே அங்கே பல வருஷமாக நடத்துகிற இலவச கிளினிக் பற்றிச் சொன்னாள். சுடப்பட்டு வந்தவரின் கட்டிலருகே, அதே தெருக்களில் வளர்ந்த ஆட்களே வந்து உட்கார்ந்து, பழிக்குப் பழி என்று கிளம்பாதபடி பேசுகிறார்களாம், அந்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னாள். நேர்முகத்துக்குப் போன நாளில் லிஃப்டில் ஒரு கிழவர் இவள் கோட்டைப் பார்த்து, குளிருக்கு இது காணாது என்று அக்கறையாகக் கோபித்துக்கொண்டதைச் சொன்னாள். நான் இன்னும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கடைசியில் மெல்லச் சொன்னாள்:

“வீட்லருந்து பதினஞ்சு நிமிஷம், அம்மா. எனக்கு இருபத்துமூணு வயசு.”

இவ்வளவு நாள் எக்செல்லில் அந்த வரிசை இல்லவே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் இருபத்தாறு வயசில் வண்ணாரப்பேட்டையிலிருந்து கிளம்பும்போது, ஊர் மேல் கோபம் எதுவும் இல்லை. அம்மாவுக்கு ஆயா விளக்கு, எனக்கு அதை மீறி ஒரு பத்து நிமிஷம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவளுக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்று: முதல் வருஷம் வளாகத்தை ஒட்டிய மாணவர் குடியிருப்பில்தான் இருக்க வேண்டும், வாடகை குறைச்சல் என்று தூரமாகப் போகக் கூடாது. அவள் போட்டது ஒன்று: அந்தச் செயலியை என் போனிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தேன். வீட்டுக்காரர் போனில் இன்னும் இருக்கிறது, அது அவளுக்குத் தெரியாது.

ஏப்ரல் 30, ராத்திரி ஒன்பதரை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப். நுவார்க்கில் சேரத் திட்டம் என்ற கட்டத்தைத் தட்டிவிட்டு, பிஸ்கட்டவேக்கு நன்றி சொல்லி ஒரு மடல் எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டு ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டேன். அதற்குள் வீட்டுக்காரர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுவிட்டார்: “பாப்பா ரட்கர்ஸ் பல்கலைக்கழக மெடிக்கல் ஸ்கூலில் சேர்கிறாள். பெரியவர்கள் ஆசீர்வாதம் வேண்டும்.” மகள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஊர் பேர் இல்லை. பெரியப்பாவின் “பாரீஸ் பக்கம்” எனக்கு ஞாபகம் வந்தது, அவளுக்கும் வந்திருக்கும்.

அவர் செய்திக்குக் கீழே நான் ஒரே ஒரு சொல் போட்டேன்: “நுவார்க்கில்.”

நீல டிக் வரிசையாக விழுந்தது. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் திருநெல்வேலியிலிருந்து மாமியாரின் குரல் பதிவு வந்தது. அங்கே விடிந்திருந்தது, பின்னால் பால்காரர் மணி கேட்டது.

“ஏர்போட்டு பக்கமாட்டா? நல்லதாப் போச்சு. இனி நான் வந்து எறங்குனா பிள்ளயே வந்து கூட்டிட்டுப் போயிருவா.”